நாய் ஓயாமல் குரைக்கிறதா? காலர் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

அடுக்ககத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு நாள் வரும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் "மூணாவது மாடி நாய் ராத்திரி முழுக்கக் குரைக்குது" என்று ஒரு வரி விழும். அன்றிரவே போனில் தேடினால் குரைப்பை நிறுத்தும் காலர்கள் வரிசைகட்டி நிற்கும். ஷாக் கொடுப்பது, முகத்தில் வாசனைத் திரவம் பீய்ச்சுவது, கழுத்தில் அதிர்வது, நம் காதுக்கு எட்டாத ஒலி எழுப்புவது என்று நான்கு வகை. காலரே வேண்டாம் என்றால் பயிற்சி, இடத்தை மாற்றி அமைப்பது, மருத்துவம் என்று வேறு வழிகளும் உண்டு. எதை எடுப்பது என்பது உங்கள் நாய் எதற்காகக் குரைக்கிறது என்பதைப் பொறுத்தது. காலருக்கு அது தெரியாது. திருடனைப் பார்த்துக் குரைத்தாலும் வலியில் குரைத்தாலும் அதற்கு ஒன்றே.

முதலில் குரைப்பைப் பிரியுங்கள்

பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் வெளியே போன பிறகு ஒரு மணி நேரம் வீடியோ எடுங்கள். இரவுக் குரைப்பு என்றால் எத்தனை மணிக்கு, எந்தச் சத்தத்துக்குப் பின் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் படம் தெளிவாகிவிடும்.

பால்கனியிலோ ஜன்னலிலோ நின்று, உடம்பை முன்னால் தள்ளி, வாலை உயர்த்திக் குரைத்து, ஆள் போனதும் நிறுத்தினால் அது காவல் குரைப்பு. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் வெள்ளை ஸ்பிட்ஸுக்கு இது ரத்தத்தில் ஊறியது. உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு குரைப்பு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு குரைப்பு என்றால் உங்களிடம் எதையோ கேட்கிறது. நீங்கள் கதவைப் பூட்டிய அரை மணிக்குள் தொடங்கி, நடுநடுவே ஊளை, கதவைப் பிறாண்டுதல், தரையெல்லாம் எச்சில் என்று போனால் தனிமைப் பதற்றம். பட்டாசுக்கோ இடிக்கோ கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு வாலை ஒடுக்கிக் குரைப்பது பயம். ஒரே சுருதியில், ஒன்றையும் பார்க்காமல், நீளமாகக் குரைத்துக்கொண்டே இருப்பது பெரும்பாலும் பொழுதுபோகாத குரைப்பு.

திடீரென்று தொடங்கிய குரைப்பு எதுவானாலும், முதல் செலவு மருத்துவருக்குத்தான். காதில் சீழ், மூட்டுவலி, கேட்கும் திறன் குறைவது, வயதான நாய்க்கு வரும் மறதி நோய் எல்லாமே குரைப்பாக வெளிப்படும். பத்து வயதுக்கு மேற்பட்ட நாய் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைத்தால், காலர் தேடுவதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

காலர் எப்படிக் "கேட்கிறது"?

நான்கு வகைக்கும் பொதுவான பலவீனம் உணரியில் இருக்கிறது. மலிவான காலர்களில் வெறும் மைக் மட்டும் இருக்கும். தெருநாய் குரைத்தாலும், எதிர்வீட்டு நாய் குரைத்தாலும், சில சமயம் பாத்திரம் விழுந்தாலும் அது தண்டனை கொடுத்துவிடும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ஒன்று குரைக்க மற்றொன்று அடி வாங்கும். கொஞ்சம் விலை கூடியவற்றில் மைக்கோடு தொண்டை அதிர்வை உணரும் முனையும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சொன்னால்தான் வேலை செய்யும். அப்போதும் தலையை உதறுவது, காலரை எதிலாவது உரசுவது போன்றவற்றால் தப்பு நடக்கும். பட்டி தளர்ந்தால் உணரி தொண்டையை விட்டு விலகி, உண்மையான குரைப்பையே கவனிக்காமல் விடும்.

இந்தத் தப்புகள் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் ஹனோவர் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பீகிள் நாய்களை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஷாக் எதனால் வருகிறது என்று நாயால் கணிக்க முடிந்த குழுவையும், காரணமே தெரியாமல் வாங்கிய குழுவையும் ஒப்பிட்டார்கள். எச்சிலில் அளந்த கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன், காரணம் தெரியாமல் வாங்கிய நாய்களில்தான் மிக அதிகமாக ஏறியது. மைக் மட்டும் உள்ள காலரை மாட்டிக்கொண்டு, தெருநாய்கள் கத்தும் தெருவில் வாழும் நாய் அந்தக் குழுவில்தான் சேரும்.

ஷாக் காலர்

இதை முதலிலேயே தள்ளிவிடலாம். பட்டியின் உட்பக்கம் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட வேண்டும். குரைத்ததும் அவற்றுக்கிடையே மின்துடிப்பு பாயும். முடி அடர்ந்த நாய்க்கு முனை தோலைத் தொடாது. தொடட்டும் என்று இறுக்கினால் அழுத்தத்தில் தோல் புண்ணாகும். பல கம்பெனிகளின் கையேடே ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் போடாதே, இடையிடையே இடம் மாற்று என்று எச்சரிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கிய கழுத்தில் அந்தப் புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

அதைவிட மோசம், "தானாக ஏறும்" என்று பெருமையாக விற்கப்படும் அமைப்பு. தொடர்ந்து குரைத்தால் அளவு ஒரு படி கூடும். ஷாக் வாங்கிய நாய் வலியில் கத்தும், அந்தக் கத்தலையும் காலர் குரைப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த ஷாக்கைப் பெரிதாகக் கொடுக்கும். நாய்க்கோ குரைப்பதற்கும் வலிக்கும் உள்ள தொடர்பு புரியும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த நொடியில் கண்ணெதிரே யார் இருந்தார்களோ அவர்களோடு வலியைச் சேர்த்துக்கொள்ளும். கேட்டில் வந்த பேப்பர்காரப் பையனைப் பார்த்துக் குரைத்து மூன்று முறை ஷாக் வாங்கிய நாய், நான்காம் முறை குரைக்காமலே கடிக்கலாம். குரைப்பு என்ற முன்னெச்சரிக்கையை நாமே எடுத்துவிட்டோம்.

வேல்ஸ் 2010இலேயே இதைத் தடை செய்துவிட்டது. ஜெர்மனியிலும் பயன்படுத்தக் கூடாது. இங்கே இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தேவையற்ற வலி தருவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை, அதாவது ஒரு டீ, பஜ்ஜி விலை. சட்டத்துக்குப் பயந்து விட வேண்டிய பொருள் இல்லை இது. பிரச்சினையைக் கூட்டும் என்பதால் விட வேண்டியது.

ஸ்பிரே காலர்

நான்கில் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்தது இது ஒன்றுதான். தாடைக்குக் கீழே ஒரு சின்ன டப்பி, குரைத்ததும் "புஸ்" என்று சிட்ரோனெல்லா என்ற புல்லெண்ணெயின் வாசனையுள்ள துளிகளை மூக்கை நோக்கி அடிக்கும். சத்தம், குளிர்ச்சி, வாசனை மூன்றும் சேர்ந்து நாயைத் திடுக்கிட வைக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1996இல் ஷாக்கையும் ஸ்பிரேயையும் ஒரே நாய்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பத்துக்கும் குறைவான நாய்கள்தான், இருந்தாலும் வளர்ப்பவர்கள் சொன்னபடி ஸ்பிரேதான் நன்றாக வேலை செய்தது.

ஆனால் நாய் பழகிக்கொள்ளும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 30 நாய்களை வைத்து நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதிக்குத் தினமும் அரை மணி நேரம், மறு பாதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் என்று மூன்று வாரம் மாட்டினார்கள். முதலில் எல்லாம் குரைப்பைக் குறைத்தன. போகப்போக அந்தப் பலன் குறைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவற்றில் பலன் கூடுதலாக நின்றது. நாள் முழுக்க மாட்டிவிட்டு ஆபீஸ் போவது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

குறைகளும் உண்டு. ஷாக் ஒரு நொடியில் முடியும், வாசனை முடியாது. நாய் குரைப்பதை நிறுத்தி நல்ல பிள்ளையாகப் படுத்த பிறகும் மூக்கில் அந்த நெடி இருக்கும். தண்டனை எப்போது முடிந்தது என்றே அதற்குத் தெரியாது. ஃபேன் காற்றில் துளி பக்கவாட்டில் போய்விடும். டப்பி காலியானதைக் கவனிக்காவிட்டால், குரைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று நாய் கண்டுபிடித்துவிடும். பக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும், மூச்சுக்குழல் தொல்லை உள்ளவற்றுக்கும் வேண்டவே வேண்டாம். சில நாய்கள் "புஸ்" சத்தத்துக்கே பயப்படத் தொடங்கி, குக்கர் விசில் வந்தாலும் ஒளிந்துகொள்ளும்.

அதிர்வு காலர், கேளா ஒலிக் கருவி, வாய்ப்பூட்டு

அதிர்வு காலரில் வலி இல்லை. சாதுவான நாய் ஒன்றிரண்டு நாள் நின்று யோசிக்கும், பிறகு அதைச் சட்டை செய்யாது. பயந்த நாய்க்கு அதே அதிர்வு ஷாக்குக்குச் சமம். இந்தக் கருவிக்கு உண்மையான நல்ல பயன் வேறொன்று: காது கேளாத நாயை ரிமோட்டால் கூப்பிடுவது. அதிர்ந்ததும் திரும்பிப் பார், தின்பண்டம் கிடைக்கும் என்று பழக்குவார்கள். அங்கே அதிர்வு தண்டனை இல்லை, அழைப்பு.

கேளா ஒலியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, நாய்க்காது சுமார் 45 வரை கேட்கும் என்ற உண்மையை வைத்து விற்கிறார்கள். உயர் சுருதி ஒலி தூரம் போனால் தேயும், சுவரைத் தாண்டாது, வயதான நாய்க்குக் கேட்காது. சுவரில் மாட்டும் பெட்டி என்றால் குரைக்காத நாயையும், அதைவிட உயர்ந்த ஒலி கேட்கும் பூனையையும் சேர்த்துத் தொந்தரவு செய்யும். காசை மிச்சம் பண்ணுங்கள்.

வாயைத் துணியாலோ இறுக்கமான நைலான் பூட்டாலோ கட்டுவது காலரைவிட ஆபத்து. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதால்தான். சித்திரை வெயிலில் வாயைக் கட்டிய நாய்க்கு வெப்பத்தாக்கு வர அதிக நேரம் ஆகாது. குரல்நாணை வெட்டும் அறுவைசிகிச்சையையும் சிலர் கேட்பதுண்டு. செல்லப்பிராணிகளுக்கான 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒப்பந்தம் அதைத் தடுக்க வேண்டிய அறுவைகளில் சேர்த்திருக்கிறது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பயிற்சியும் இடமாற்றமும்

மெதுவான வழி என்று இதைத் தள்ளுகிறார்கள். காவல் குரைப்பில் பாதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்திலேயே தீரும். ஜன்னல் கண்ணாடியின் கீழ் மூன்றடிக்கு மங்கல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பால்கனிக் கம்பிக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். படுக்கையை வாசல் கதவிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். லிஃப்ட் சத்தத்துக்குக் குரைத்தால், அந்த நேரங்களில் ஃபேனையோ டேபிள் ஃபேனையோ வேகமாக ஓட விடுங்கள். நாய் பார்க்காததற்கும் கேட்காததற்கும் குரைக்காது. இதை எந்தக் காலரும் செய்யாது.

காலிங்பெல் குரைப்புக்கு, உங்கள் வீட்டு மணியையே போனில் பதிவு செய்யுங்கள். நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்குச் சத்தத்தைத் தாழ்த்தி ஒலிக்க விடுங்கள். ஒலித்த ஒரு நொடிக்குள் ஒரு துண்டு தின்பண்டம். ஒரு தடவைக்கு எட்டு பத்து முறை, நாளைக்கு இரண்டு தடவை. மணி கேட்டதும் வாசலுக்கு ஓடாமல் உங்களைப் பார்க்கத் தொடங்கினால் மட்டும் சத்தத்தை ஒரு படி ஏற்றுங்கள். ஏற்றியதும் குரைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், ஒரு படி கீழே வாருங்கள். பிறகு மணி அடித்ததும் பாயில் போய்ப் படுப்பதைச் சேர்க்கலாம்.

துண்டு, பாதி நிலக்கடலை அளவு போதும். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, இல்லாவிட்டால் பனீர். முழு பிஸ்கட் கொடுத்தால் அது மென்று முடிப்பதற்குள் பாடம் மறந்துவிடும். நாளின் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தின்பண்டம் தாண்ட வேண்டாம், சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

"போதும்" என்று சொன்னால் நிறுத்துவதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று குரைப்பை விடுங்கள். பக்கத்தில் போய், தணிந்த குரலில் "போதும்" என்று சொல்லி, மூக்கருகே தின்பண்டத்தைக் காட்டுங்கள். முகர வேண்டுமானால் குரைப்பதை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தியதும் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாட்களில் ஒரு நொடி அமைதி, பிறகு மூன்று, ஐந்து, பத்து, முப்பது என்று நீட்டுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். குரை, நிறுத்து, வாங்கு என்று நாய் ஒரு சங்கிலியாகவே கற்றுக்கொண்டு, தின்பண்டத்துக்காகவே குரைக்கத் தொடங்கும். அமைதி நேரத்தை நீட்டுவதும், குரைக்காமல் இருந்ததற்கும் நடுநடுவே கொடுப்பதும்தான் மருந்து. அடுத்தது வீட்டு மனிதர்கள். பாட்டி "சீ, சும்மா இரு" என்பார், பையன் "கொயட்" என்பான், அப்பா கத்துவார். உரக்கக் கத்தினால் நாம் கூடச் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அதற்குப் படும். எல்லாரும் ஒரே சொல், ஒரே தொனி.

எதையாவது கேட்டுக் குரைப்பதற்கு வழி எளிது, பின்பற்றுவது கஷ்டம். பார்க்காதீர்கள், பேசாதீர்கள், தொடாதீர்கள். அமைதியானதும் கவனியுங்கள். குறையும் முன் சில நாள் இன்னும் அதிகமாகக் குரைக்கும். மூன்றாம் நாள் தாங்காமல் கொடுத்துவிட்டால், இன்னும் நீளமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அந்த வாரத்தை அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பொழுதுபோகாத குரைப்புக்கு வெயில் ஏறும் முன் ஒரு நடை, அதில் மூக்கை விட்டு மோப்பம் பிடிக்க விடுவது, உலர்தீனியைத் தட்டில் போடாமல் கயிற்றுப் பாயில் தூவித் தேடவிடுவது போதும்.

தனிமைப் பதற்றம் வேறு ஜாதி. எந்தக் காலரும் இதற்கு ஆகாது. ஏற்கெனவே பயந்திருக்கும் நாய்க்கு, நீங்கள் இல்லாத நேரத்தில் இன்னொரு பயத்தை மாட்டிவிடுகிறீர்கள். சாவியை எடுத்து மறுபடி வைப்பதில் தொடங்கி, ஐந்து நொடி வெளியே போய் வருவது, அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று நாய் பதறும் எல்லைக்குள்ளேயே நீட்ட வேண்டும். பயிற்சி முடியும் வரை தனியாக விடாமல் பக்கத்து வீட்டு அக்காவிடமோ தெரிந்தவரிடமோ விட்டுச் செல்ல ஏற்பாடு வேண்டும். முற்றிய நிலையில் மருத்துவர் ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்து எழுதுவார், அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும். மனிதர்களுக்கு எழுதிய மாத்திரையை வீட்டில் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

அசோசியேஷன் கெடு வைத்திருந்தால்

இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குரைப்பது நாயின் இயல்பான வெளிப்பாடு, குடியிருப்போர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஓயாத குரைப்பு பக்கத்தாரைத் தொந்தரவு செய்யும், குறிப்பாக இரவில் அடக்கி வையுங்கள் என்று வளர்ப்பவரிடமும் அதே மூச்சில் சொல்கிறது. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை நாயைப் பால்கனியில் விடுவதில்லை, வலை கட்டியாயிற்று, பயிற்சி நடக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு வாரத்தில் காட்டக்கூடிய முன்னேற்றம் இதில்தான் வரும்.

அப்படியும் காலர் என்றால்

காவல் குரைப்பு அல்லது கேட்டுக் குரைப்பது, திடமான இளம் நாய், பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது, இடமாற்றம் முடிந்தாயிற்று. இவை எல்லாம் பொருந்தினால் மட்டும் ஸ்பிரே காலரை யோசிக்கலாம். மைக்கும் அதிர்வு உணரியும் இரண்டும் உள்ளதாக இருக்கட்டும். முதல் சில நாள் அணைத்த நிலையில் தினமும் அரை மணி மாட்டுங்கள், அதைக் கண்டாலே பயப்படும் நிலை வராது. பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், ஸ்பிரே வரும் முனை தாடையை நோக்க வேண்டும். நடைக்கயிற்றை அதில் மாட்டாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம். ஸ்பிரே அடித்து நாய் நின்ற கணத்தில் "போதும்" சொல்லித் தின்பண்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் தெரிந்து, எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கும்.

மாலை 6 முதல் 7 என்று ஒரு மணி நேரத்தை முடிவு செய்து, குரைப்புத் தொடர்களைக் காலண்டரில் கோடு போட்டு எண்ணுங்கள். இரண்டு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். வாலை ஒடுக்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, காலரைப் பார்த்ததும் ஒதுங்குவது, சாப்பிட மறுப்பது, வீட்டு ஆட்களைப் பார்த்து உறுமுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

பெட்டி வந்ததும் பிரித்துப் பாருங்கள். "அதிர்வு மட்டும்" அல்லது "ஒலி மட்டும்" என்று விற்கும் பல மாடல்களில் ஷாக் வசதியும் உள்ளேயே இருக்கும், ஒரு பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் மாறிவிடும். உலோக முனைகள் இருந்தால் அது அந்த ரகம். முனைகளைக் கழற்ற முடியவில்லை, ரப்பர் மூடியும் தரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.